டிஸ்சார்ஜ் சம்மரியில் இன்னும் ஒரு வரி

புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு,



அறுவை செய்கிறவர்கள், கீமோ ஏற்றுகிறவர்கள், கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறவர்கள் என்று உங்கள் மூன்று தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்களில் மூன்று பேர் கூடித்தான் என்னை இன்றைக்கு இந்த மேசை முன்னால் உட்கார வைத்திருக்கிறீர்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. அது இருந்ததால்தான் மூன்று வருஷமாக வாயைத் திறக்கவில்லை. நன்றிக்கு அப்படி ஒரு குணம், எந்தக் குறையையும் சொல்ல விடாது.

மன்னார்குடிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் தமிழாசிரியை. 2022 ஜனவரியில் என் வலது மார்பை எடுத்தீர்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் வழித்து எடுத்தீர்கள். பிறகு 16 கீமோ, 25 கரண்ட். எல்லாம் முடிய அக்டோபர் ஆகிவிட்டது.

அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று ஒரு நர்ஸம்மா வேகமாகச் சொன்னார்: "இந்தக் கையில ஊசி போடக் கூடாது, பிரஷர் பாக்கக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது." மூன்றும் கூடாது. என்ன செய்யலாம், என்ன செய்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சம்மரி இரண்டு பக்கம் இருந்தது. கட்டியின் அளவு மில்லிமீட்டரில் இருந்தது. எத்தனை முடிச்சு எடுத்தீர்கள், அதில் எத்தனையில் நோய் இருந்தது என்றெல்லாம் இருந்தது. மாத்திரை, அடுத்து வர வேண்டிய தேதி எல்லாம் இருந்தன. இருபத்தைந்து வருஷமாகக் கரும்பலகையில் எழுதிய அந்தக் கையைப் பற்றி ஒரு வரி இல்லை.

'தூக்கக் கூடாது' என்பதை என் குடும்பம் வேதவாக்காக எடுத்துக்கொண்டது. தண்ணீர்க் குடத்தை விடுங்கள், காபி டம்ளரைக் கூட மாமியார் என் கையில் கொடுக்கவில்லை, வாயருகே கொண்டுவந்தார். கையை மடியில் வைத்து, பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டேன். கீமோ முடிவதற்குள் தோள் இறுகிவிட்டது. அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் ஒரு கயிறு இழுத்துக் கட்டியதுபோல் தெரியும். கை தோள் உயரத்துக்கு மேல் போகாது. கரண்ட் வைக்கப் படுத்தபோது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொன்னார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அந்த டெக்னீஷியன் தம்பி கெஞ்சினார். அப்போதாவது உங்களில் ஒருவருக்கு இந்தத் தோள் ஏன் இப்படி ஆனது என்று கேட்கத் தோன்றியிருக்கலாம். ரிப்போர்ட் நன்றாக இருந்தது. கேட்கவில்லை.

கடைசி 12 வாரம் ஏற்றிய மருந்தில் விரல்கள் மரத்துப்போயின. இதை நீங்கள் முன்கூட்டியே சொன்னீர்கள், மறுக்கவில்லை. "மரத்துப் போகும், போகப் போகச் சரியாயிடும்" என்றீர்கள். சரியாகும்வரை எப்படி வாழ்வது என்பதுதான் விட்டுப்போனது. ஒரு நாள் காலையில் இட்லிப் பானை மூடியைத் திறந்துவிட்டு, தட்டை வெறுங்கையால் எடுத்துவிட்டேன். சுடுகிறது என்றே தெரியவில்லை. ஆட்காட்டி விரலில் கொப்புளம் எழும்பியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. பஸ்ஸில் சில்லறை எடுத்தால் ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று விரலுக்குத் தெரியாது, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் ஹூக் போட அரை மணி நேரம். டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது வலது கையில் வளையல் ஏறவில்லை. சோப்பு போட்டும் ஏறவில்லை. கை வீங்க ஆரம்பித்துவிட்டது.

ஊரில் இருக்கும் பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் தப்பானவர் இல்லை. "கேன்சர்னு சொல்றீங்க, நான் தொட்டா ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. உங்க டாக்டரை ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வரிக்காக அடுத்த செக்கப்பில் உங்கள் அறைக்கு வெளியே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நாலு நிமிஷம். ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "கிளீனா இருக்கு, சந்தோஷமா போயிட்டு வாங்க." கையைக் காட்டினேன். "முடிச்சு எடுத்தா கொஞ்சம் வீங்கத்தான் செய்யும்." எழுந்துவிட்டேன். உயிர் பிழைத்ததே பெரிசு, இதில் வளையல் ஏறவில்லை என்று புகார் சொல்ல வெட்கமாக இருந்தது. உங்களிடம் வருகிற பாதிப் பேர் இப்படித்தான் எழுந்து போகிறார்கள். அவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

எனக்கு வழி காட்டியது ஆஸ்பத்திரி இல்லை, எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர். ஆட்டிசம் உள்ள தன் பையனைத் தஞ்சாவூருக்கு ஒரு ஆக்குபேஷனல் தெரபி மையத்துக்குக் கூட்டிப்போகிறவர். "அந்தம்மா கைக்கும் பாப்பாங்க, வாங்க" என்று இழுத்துப்போனார். (இதற்குத் தமிழில் என்ன பெயர் என்றால் தமிழாசிரியை நானே தடுமாறுகிறேன். செயல்முறை மருத்துவம் என்கிறார்கள், தொழில்வழி சிகிச்சை என்கிறார்கள். 'தொழில்' என்றதும் என் வீட்டுக்காரர், "உனக்குத்தான் கவர்மெண்ட் வேலை இருக்கே" என்றார்.) நோயோ காயமோ பறித்துக்கொண்ட அன்றாட வேலைகளை ஆளுக்குத் திருப்பிக் கொடுப்பது ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் தொழில். குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, எழுதுவது, சம்பாதிப்பது எல்லாம் அதில் சேரும். முழுதாகத் திருப்ப முடியாவிட்டால் வேலையை ஆளுக்குத் தக்கபடி மாற்றிக் கொடுப்பார்கள்.

அந்தத் தெரபிஸ்ட் முதல் நாள் கையைத் தொடவே இல்லை. "காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன செய்வீங்க டீச்சர்? முன்னாடி என்ன செஞ்சீங்க, இப்ப எது முடியல?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். முக்கால் மணி நேரம். ஒன்பது மாத வைத்தியத்தில் யாரும் கேட்காத கேள்வி. எது முடியாததில் ரொம்ப வருத்தம் என்றார். கரும்பலகை என்றேன். வீட்டுக்காரர் போன் பேச வெளியே போனதும் மெல்லச் சொன்னேன்: "குளிச்சிட்டு நானே புடவை கட்டணும். கொசுவம் வைக்கப் பொண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கு. அவளுக்குப் பதினாறு வயசு. அவ எதிர்ல இப்படி நிக்கிறது எனக்குப் பிடிக்கல."

பிறகு தையல்காரர் கழுத்தில் தொங்கும் அதே டேப்பை எடுத்தார். இரண்டு கையையும் மணிக்கட்டிலிருந்து மேலே வரிசையாகப் பல இடங்களில் அளந்தார். ஒரு இடத்தில் 2 செ.மீ. வித்தியாசம் வந்தாலே கவனிக்க வேண்டுமாம். எனக்கு 4 இருந்தது. "ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த அளவு இருக்கா?" என்றார். இல்லை. யாரும் எடுக்கவில்லை. பத்து ரூபாய் டேப், ஐந்து நிமிஷம். அந்த அளவு கையில் இருந்திருந்தால் முதல் அரை சென்டிமீட்டர் ஏறும்போதே பிடித்திருக்கலாம் என்று சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் வந்தது.

மூன்று வாரம் விரல் நுனியிலிருந்து தோள் வரை அடுக்கடுக்காகக் கட்டு. சித்திரை வெயிலில். கட்டுக்குள் கையை அசைக்க வேண்டும், அசைத்தால்தான் தேங்கிய நீர் மேலே ஏறும். கட்டு இல்லாத நேரத்தில் தோலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அரிவாள்மணை வெட்டினாலோ முள் குத்தினாலோ சும்மா விடக் கூடாது, சிவந்து காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு இறங்கியதும் இறுக்கமான கையுறை போன்ற ஸ்லீவ் வந்தது. அதை இப்போதும் போடுகிறேன், ஸ்லீவின் மேல் பிள்ளைகள் பேனாவால் பூ வரைந்திருக்கிறார்கள். சுவரில் சார்ட் ஒட்டி, நான் எட்டக்கூடிய உயரத்தில் ஒரு கோடு போட்டு, அங்கே எழுதச் சொன்னார். வாரத்துக்கு ஒரு விரற்கடை மேலே. சாக்பீஸில் துணி சுற்றித் தடியாக்கினார். அசதிக்கும் ஒரு கணக்கு வைத்தார்: பாடம் நடத்துவதை முதல் இரண்டு பீரியடில் முடி, நோட்டுத் திருத்துவதைப் பின்னால் தள்ளு, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து பேசு, அடுப்படியில் சூட்டை விரலால் பார்க்காதே, துணி பிடித்தே எடு. பெரிய வித்தை ஒன்றுமில்லை. எனக்காக உட்கார்ந்து யோசிக்க ஒருவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான்.

ஆடிப்பெருக்கன்று நானே கொசுவம் வைத்துப் புடவை கட்டினேன். கோணலாகத்தான் இருந்தது.

எதையும் தூக்கக் கூடாது என்ற அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். உங்களுக்கு மருத்துவம் சொல்ல நான் யார்! ஆனால் தெரபிஸ்ட் எடுத்துக் காட்டியதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2009-லேயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு அது. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கை வீங்கிய 141 பெண்கள். ஒரு பாதிப் பேரை, ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்து, வாரம் இரண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்க வைத்தார்கள். அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று வீங்கிப் பாடாய்ப் படுத்துவதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே வந்தது. இது அச்சாகிப் பதின்மூன்று வருஷம் கழித்துத்தான் எனக்குக் காபி டம்ளர் மறுக்கப்பட்டது. முடிச்சுகளை வழித்து எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது என்பது உங்கள் புத்தகங்களே சொல்கிற கணக்கு. ஐந்தில் ஒருவருக்கு வருகிற ஒன்றை 'கொஞ்சம் வீங்கத்தான் செய்யும்' என்று அனுப்பிவைக்கலாமா?

இன்னோர் ஆய்வு 2025-இல் அதே ஜர்னலில் வந்தது. குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேர். ஒரு பிரிவுக்கு மூன்று வருஷம் ஒரு பயிற்சியாளரை வைத்து உடற்பயிற்சி. மறு பிரிவுக்கு உடற்பயிற்சியின் நன்மை பற்றிய கையேடு மட்டும். எட்டு வருஷத்தில் முதல் பிரிவில் நூற்றுக்குத் 90 பேர் உயிரோடு, இரண்டாவதில் 83. கையேடு கொடுத்ததும் ஆள் வைத்ததும் ஒன்றாகவில்லை, பாருங்கள். 'நல்லா நடங்க, ஆக்டிவா இருங்க' என்று வாசல் வரை வந்து சொல்கிறீர்களே, அது அந்தக் கையேடு.

தெரபி அறையில் என்னோடு இருந்தவர்களையும் உங்களுக்குக் காட்ட வேண்டும். பூக்கட்டுகிற ஒரு பாட்டி, கீமோவில் விரல் மரத்ததால் நார் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவித்தவர். ஒரு புரோட்டா மாஸ்டர், நாற்பது வயதுக்குள். வாயில் புற்று, கழுத்து முடிச்சுகளை எடுத்ததில் வலது தோள் தொங்கிப்போயிற்று. கரண்டுக்குப் பிறகு தாடை இறுகி, வாய்க்குள் ஒரு விரல்தான் நுழையும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்து, சில நாளைக்கு ஒரு குச்சி என்று கூட்டிக்கொண்டே போனார். இரண்டு விரல் அளவுக்குத் திறந்த அன்று அறை முழுக்கக் கைதட்டினோம். புரோட்டா வீச அவரால் இன்றும் முடியாது. முதலாளியிடம் தெரபிஸ்ட்டே போய்ப் பேசி, சால்னா அடுப்பிலும் கல்லாவிலுமாக வேலை மாற்றிக் கொடுத்தார். சம்பளம் குறைவு, ஆனால் சம்பளம். அறுவை முடிந்த மாதமே அந்தக் குச்சிகளைப் பிடித்திருந்தால் மூன்று விரலும் நுழைந்திருக்கலாம். அவர் சம்மரியிலும் அந்த வரி இல்லை.

பிழைக்கிறவர்களுக்கு மட்டும் இதைக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் பெரியப்பாவுக்குப் புற்று எலும்பு வரை பரவிவிட்டது. 'இனி ஒண்ணும் செய்றதுக்கில்லை' என்று அனுப்பினீர்கள். அவருடைய ஆசை, திண்ணையில் உட்கார்ந்து தன் கையால் காபி குடிப்பது. எந்த எலும்பு உடையும் நிலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதித் தராததால் அவரைத் தூக்கி உட்கார வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. நாற்பது நாள் மல்லாக்கப் படுத்திருந்தே போய்ச் சேர்ந்தார். திண்ணை பத்தடி தூரத்தில் இருந்தது.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நூறு பேர் பார்க்கிறோம், நேரம் எங்கே? தெரபிஸ்ட் எங்கே? ஆள் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலூரை நினைத்துப் பாருங்கள். 1940-களின் கடைசியில் அங்கே டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த விரலோடு போன ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கை பிச்சைக்கு ஆகவில்லை என்று முறையிட்டதாகச் சொல்வார்கள். ஊனம் குறைந்ததால் காசு விழவில்லை, தொழுநோயாளி என்பதால் வேலையும் கிடைக்கவில்லை. கையைச் சரிசெய்தால் போதாது, அந்தக் கைக்கு வேலையும் வேண்டும் என்று தச்சு வேலை கற்றுத்தர இடம் அமைத்தார்கள். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளை அறுவை செய்தார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் அவரால் வந்தது. மும்பையில் கமலா நிம்ப்கர் 1950-லேயே ஆக்குபேஷனல் தெரபி பள்ளியைத் தொடங்கிவிட்டார். ஆள் நிறைய இருந்ததால் அவர்கள் ஆரம்பிக்கவில்லை.

அதே 1954-இல்தான் அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். சாகப்போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்ட காலம். உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருந்தபோது, பிழைத்தவர் எப்படிப் புடவை கட்டுவார் என்று யார் யோசிப்பார்கள்? தப்பில்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரியை வளர்த்த டாக்டர் சாந்தாவும் அவருக்குப் பின் நீங்களும் உழைத்ததில் எங்களில் ஏராளமானோர் பிழைத்துக்கொண்டு இருக்கிறோம். பிழைத்தவர்கள் கூடிவிட்டோம், எங்களை அனுப்பிவைக்கும் தாள் மட்டும் பழைய தாளாகவே இருக்கிறது.

ஆள் இல்லை என்பதும் இப்போது முழு உண்மை இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீடு தேடி வருகிறார்கள். எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த பெரியவருக்கு வந்துவிட்டுப் போகிறவரை நானே பார்க்கிறேன். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளையும் அதே வருஷம் மத்தியச் சட்டம் முறையாக அங்கீகரித்துவிட்டது. ஆனால் இவர்களில் பலர் எங்களைத் தொடப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்கும் கையெழுத்து உங்களிடம் இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். கத்தியை எடுப்பதற்கு முன்னால் "என்ன வேலை பாக்குறீங்க, எந்தக் கை பழக்கம்?" என்று கேளுங்கள். கேட்டதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அக்குளில் கை வைக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு கையையும் ஒரு டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். நர்ஸ் அளப்பார், நீங்கள் அளக்க வேண்டாம். 'எதையும் தூக்கக் கூடாது' என்பதை எடுத்துவிட்டு, எந்த நாளிலிருந்து எவ்வளவு அசைக்கலாம், எவ்வளவு தூக்கலாம், யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்துக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: ஆக்குபேஷனல் தெரபிக்கோ பிசியோதெரபிக்கோ அனுப்புகிறேன், இன்ன எலும்பில் கவனம், இன்ன பயிற்சிக்குத் தடையில்லை. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொண்டால் கூடப் போதும். ஸ்டாம்புக்கு ஆகும் காசை நானே தருகிறேன்.

தை மாதம் எனக்கு வருடாந்திர செக்கப். ஸ்கேன், ரத்தப் பரிசோதனையோடு இந்த முறை இரண்டு கையின் அளவும் எழுதிய ஒரு தாளைக் கொண்டுவருவேன். நாலு நிமிஷத்தில் அரை நிமிஷம்தான் ஆகும். பார்த்துவிட்டு, ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி, ஒரு தமிழாசிரியை